கட்டளை எங்கே அறுகிறது? மாதிரி ரயில் வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சுற்றியே அமைந்திருந்தன: கம்பியில்லாக் கைக்கருவியுடன் பெரிய லேஅவுட்டை (மாதிரி ரயில் பாதை அமைப்பை) சுற்றி நடக்கும்போது, சில இடங்களில் ரயில் சொன்ன சொல்லைக் கேட்பதில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பொருளை ஒட்டிய ஐந்து கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தில், எச்.ஓ. (1:87) அளவில், சுவரை ஒட்டிச் சுற்றி வந்து நடுவில் ஒரு நீட்சியும் கொண்ட லேஅவுட்டை எங்கள் குழு அமைத்திருக்கிறது. டி.சி.சி. முறையில் (தண்டவாளம் வழியாகவே ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) இயங்குகிறது, கைக்கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சேர்ந்தவை. ரிசீவர், கட்டளை நிலையத்துக்குப் பக்கத்தில் மேசைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. மலைக்கு அப்பால் உள்ள சரக்கு முனையத்தில் நின்றால், குமிழைத் திருப்பி இரண்டு மூன்று விநாடிகள் கழித்தே இன்ஜினின் வேகம் மாறுகிறது. சில வேளைகளில் மாறுவதே இல்லை. ஆட்கள் அதிகம் கூடும் நாட்களில் நிலைமை இன்னும் மோசமாகிறது. சிக்னலைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் குமிழைத் திருப்புவதற்கும் சக்கரம் அதற்கேற்பச் சுழல்வதற்கும் இடையில் கட்டளை மூன்று கட்டங்களைக் கடக்கிறது. கைக்கருவியிலிருந்து ரிசீவர் வரை காற்றில் செல்கிறது. ரிசீவரிலிருந்து கட்டளை நிலையம் வரை தரவுக் கேபிளில் செல்கிறது. அங்கிருந்து பூஸ்டர் (கட்டளையை வலுவான மின்சாரமாக்கித் தண்டவாளத்துக்குத் தரும் கருவி), தண்டவாளம், சக்கரம் வழியாக, இன்ஜினுக்குள் இருந்து கட்டளையை வாசித்து மோட்டாரை இயக்கும் டிகோடரை அடைகிறது. இவற்றுள் முதல் கட்டம் மட்டுமே கம்பியில்லாதது. ஆனால் மூன்றில் எது பழுதானாலும் பழி என்னவோ முதல் கட்டத்தின் மேல்தான் விழுகிறது. எந்தக் கட்டம் அறுகிறது என்று அறியாமல் கருவி வாங்கினால், குறையும் நீங்காது, லேஅவுட்டில் பழுதாகக்கூடிய பொருள்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

கண்டறிவது கடினமன்று. உங்கள் கைக்கருவிக்குக் கேபிள் செருகும் வசதி இருந்தால், சரக்கு முனையத்தின் முகப்புப் பலகையில் உள்ள துளையில் அதைச் செருகி அதே இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். தாமதம் மறைந்துவிட்டால் குறை காற்றில் இருக்கிறது. மறையாவிட்டால் கேபிளிலோ தண்டவாளத்திலோ இருக்கிறது. இன்ஜினின் முகப்பு விளக்கையும் கவனியுங்கள். விளக்கு அணைந்து இன்ஜின் நின்றால், சக்கரத்துக்கு மின்சாரம் எட்டவில்லை என்று பொருள்; அழுக்குப் படிந்த தண்டவாளத்துக்கும் ரேடியோவுக்கும் தொடர்பில்லை. விளக்கு எரிந்தபடியே இன்ஜின் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், புதிய கட்டளைதான் வரவில்லை. டி.சி.சி. முறையில் கட்டளை நிலையம் ஒவ்வோர் இன்ஜினுக்கும் கடைசியாகக் கிடைத்த வேகத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே கைக்கருவியின் தொடர்பு அறுந்த இன்ஜின் நிற்காது. பழைய கட்டளைப்படி ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் விவரிக்கும் அடையாளங்கள், அதிலும் ஆள் கூடினால் மோசமாகிறது என்பது, காற்றைத்தான் சுட்டுகின்றன.

அடுத்து ரிசீவர் இருக்கும் இடம். மேசைக்கு அடி என்பது ஒரு ரிசீவருக்குக் கிடைக்கக்கூடிய இடங்களில் மிகத் தாழ்ந்தது. மேலே தண்டவாளமும் முதன்மைக் கம்பிகளும் உலோகப் பந்தல் போலப் பரந்திருக்கின்றன. பக்கத்தில் பூஸ்டரும் மின்வழங்கிகளும் இரைச்சலை உமிழ்கின்றன. சுற்றிலும் மனிதர்கள் நிற்கிறார்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர், நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாக உறிஞ்சும். இருபது பேர் வரிசையாக நின்றால், மேசை மட்டத்தில் உள்ள ரிசீவருக்கு அது ஒரு மதில்தான்.

உங்கள் மலையைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான மலைகளைப் போலவே, கம்பி வலையை வளைத்து அதன்மேல் பிளாஸ்டர் பூசி அமைத்திருந்தால், நீங்கள் கூடத்தின் நடுவே ஓர் உலோகத் திரையைக் கட்டியிருக்கிறீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். வலையின் கண் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அலைநீளத்தைவிட இவ்வளவு சிறிய கண்கள் கொண்ட வலை, அலையின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெர்மோகோலில் செதுக்கிய மலைக்கு இந்தத் தொல்லை இல்லை. அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்புப் பலகை, இரும்பு அலமாரி, காட்சியை நீட்டிக் காட்டப் பின்னணியில் வைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. கண்ணாடியின் பின்புறம் பூசியிருப்பதும் உலோகமே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மலையை இடிக்கச் சொல்லவில்லை. ரிசீவரைக் கூடத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய், எல்லோருடைய தலைக்கும் மேலே, தரையிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில், உலோகத்தை ஒட்டாமல் பொருத்துங்கள். அங்கிருந்து பார்த்தால் மலை ஒரு மேடுதான். அலை அதைத் தாண்டி இறங்கும். குச்சி ஆண்டெனா செங்குத்தாக நிற்கட்டும். அது தன் நுனி காட்டும் திசையில் மிகக் குறைவாகவே பரப்பும். பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும். ஆதலால் படுக்கவைத்தால் கூடத்தின் இரு கோடிகளில் ஏதேனும் ஒன்று பாதிக்கப்படலாம். ரிசீவரை அங்கேயே விட்டுவிட்டு ஆண்டெனாவை மட்டும் நீண்ட கோஆக்சியல் கேபிளில் மேலே ஏற்றலாமே என்று தோன்றும்; செய்யாதீர்கள். இந்த அதிர்வெண்ணில் மெல்லிய கோஆக்சியல் கேபிள் சில மீட்டருக்குள்ளேயே சிக்னலில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். தரவுக் கேபிளை நீட்டுவதே சரி. இக்கேபிள்களில் வழங்கும் தரவு முறைகளுள் லோக்கோநெட்டில் விநாடிக்கு 16,660 பிட், எக்ஸ்பிரஸ்நெட்டில் 62,500 பிட் என மெதுவாகவே தரவு செல்வதால், பத்துப் பதினைந்து மீட்டர் கூடுவது அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் முனைகளில் அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் செருகிகளைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆறு கம்பிகளில் ஒன்று அரைகுறையாகக் கடிபட்டிருந்தால், கேபிளை அசைக்கும்போது மட்டும் வந்து போகும் ஒரு குறை உண்டாகும். அது ரேடியோக் குறையைப் போலவே நடிக்கும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓர் அளவு எடுத்தால்தான் பலன் தெரியும். ஒலி எழுப்பும் இன்ஜின் ஒன்றைக் கட்டளை நிலையத்துக்கு அருகே, சுத்தமான தண்டவாளத்தில், ஓடாமல் நிறுத்துங்கள். மூன்றாம் கட்டம் இதனால் சோதனையிலிருந்து விலகிவிடும். பிறகு கைக்கருவியை மார்போடு அணைத்து, ரிசீவருக்கு முதுகு காட்டி நின்று, ஹாரன் பொத்தானைப் பத்து முறை அழுத்தி, எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணுங்கள். லேஅவுட்டைச் சுற்றிலும் ஓரிரு மீட்டருக்கு ஒரு முறை இப்படிச் செய்து, எண்ணிக்கையைச் சாக்குக்கட்டியால் தரையிலேயே எழுதிவிடுங்கள். ஓர் இடத்தில் நான்கும், கையை ஒரு சாண் நகர்த்தினால் பத்தும் வந்தால், அங்கே நேராக வரும் அலையும் சுவரில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இது பெரிய குறையன்று. ரிசீவரைச் சிறிதளவு நகர்த்தினாலும் அந்தப் புள்ளி இடம் மாறிவிடும். ஒரு பகுதி முழுவதும் நான்கைந்துதான் வருகிறது என்றால் அதுவே உண்மையான நிழல்.

இவ்வளவுக்குப் பிறகும் சரக்கு முனையம் நிழலிலேயே இருந்தால், அப்போது இரண்டாவது கருவி வாங்குவதில் நியாயம் உண்டு. அப்போதும், தரவுக் கேபிளில் நேரடியாக இணையும் இரண்டாவது ரிசீவரையே தேர்ந்தெடுங்கள். உங்கள் கைக்கருவிகள் அதனுடனும் பேசுமா என்று அவற்றின் கையேட்டில் முன்பே பார்த்துவிடுங்கள். காற்றில் கேட்டதைக் காற்றிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர், ஒரே செய்திக்கு இரண்டு மடங்கு நேரம் அலைவரிசையை அடைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே நெரிசலான நாளில் அது உதவிக்குப் பதில் உபத்திரவமாகலாம்.

கேள்வி: நாங்கள் தனிக் கைக்கருவி வாங்காமல், கைப்பேசிகளையே பயன்படுத்துகிறோம். கணினியில், மாதிரி ரயில்களை இயக்க உதவும் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளும் ஒரு வைஃபை ரூட்டரும் இருக்கின்றன. உறுப்பினர்கள் மட்டும் இருக்கும்போது குறையில்லை. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளில் இணைப்பு அடிக்கடி அறுந்து, ரயில்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. இன்னும் வேகமான ரூட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. கைப்பேசி அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் சில எழுத்துகள் கொண்ட சிறு செய்திதான். மிகப் பழைய ரூட்டருக்குக்கூட அது சுமையாகாது. போதாமல் போவது காற்றில் பேசுவதற்கான வாய்ப்பு. பார்வையாளர்களின் கைப்பேசிகள் எந்த வலையிலும் சேராவிட்டாலும், அருகில் என்ன வலை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்கின்றன. அவர்களில் சிலர் தம் கைப்பேசியையே ஹாட்ஸ்பாட் ஆக்கியிருப்பார்கள்.

முதலில் அலைத்தடத்தை நீங்களே நிர்ணயியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டிருந்தாலும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று படியாதவையாக வழக்கில் உள்ளவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அவற்றுள் கூட்டம் குறைந்ததைக் கைப்பேசியில் கிடைக்கும் வைஃபை ஆய்வுச் செயலி ஒன்றினால் பார்த்துத் தேர்ந்து, தானியங்கித் தேர்வை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தின் நடுவே ரூட்டர் தடம் மாறி எல்லோரையும் ஒரு கணம் உதறிவிடும். எல்லாத் தடங்களிலும் ஆள் இருந்தால் நடுவில் உள்ள 3, 4 போன்றவற்றுக்குப் போய் ஒதுங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரே தடத்தில் உள்ள ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு முறைவைத்துப் பேசும். பாதி படிந்த தடத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சல். தட அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20-க்குக் குறையுங்கள். கைப்பேசிகள் இடங்கொடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறுவது இன்னும் நல்லது; சுவர்களை ஊடுருவும் திறன் அதற்குக் குறைவு என்றாலும் ஒரே கூடத்துக்குள் அது குறையாகத் தெரியாது.

அடுத்தது பலரும் கவனிக்காதது: கணினியை ரூட்டருடன் கேபிளால் இணையுங்கள். கணினியும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு கட்டளையும் கைப்பேசியிலிருந்து ரூட்டருக்கும் ரூட்டரிலிருந்து கணினிக்கும் என இரண்டு முறை காற்றில் செல்ல வேண்டியிருக்கிறது. ரூட்டரின் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. 3 வகை வன்வட்டு எதுவும் இருக்கக் கூடாது. அந்த வகை இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கிளப்பும்.

கைப்பேசிகளின் தரப்பிலும் குற்றம் உண்டு. லேஅவுட்டின் ரூட்டருக்கு இணையத் தொடர்பு இருக்காது, இருக்கவும் தேவையில்லை. ஆனால் இதைக் கண்டுகொள்ளும் கைப்பேசி, “இந்த வலையில் இணையம் இல்லை” என்று முடிவுகட்டி, சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். விமானப் பயன்முறையை இயக்கி, அதன்பின் வைஃபையை மட்டும் தனியே இயக்கினால் இது நின்றுவிடும். நடுவில் அழைப்பு வந்து ரயில் தடம் புரளும் தொல்லையும் ஒழியும். பேட்டரிச் சேமிப்பை நிறுத்துங்கள். திரை அணையாதபடி வையுங்கள். கணினிக்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றைக் கொடுத்து, அதையும் 12090 என்ற போர்ட் எண்ணையும் செயலியில் நேரடியாக எழுதிவிட்டால், மீண்டும் இணையும்போது தேடலில் வீணாகும் நேரம் மிச்சமாகும். கடவுச்சொல்லைப் பார்வையாளர்களுக்குத் தராதீர்கள்.

ரயில்கள் தாமாக நிற்பதைப் பழுதாகக் கருத வேண்டாம். கைப்பேசி குறித்த இடைவெளியில் “இருக்கிறேன்” என்று செய்தி அனுப்ப வேண்டும். அது வராவிட்டால், ஓட்டுநர் இல்லாத ரயில் என்று கருதி மென்பொருள் அதை நிறுத்துகிறது. அந்த அமைப்பை அணைத்துவைக்கும்படி யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள்.

கேள்வி: என் பழைய ரிசீவரில் ஆண்டெனாவாகத் தொங்குவது ஒரு சாதாரணக் கம்பிதான். அதைவிட நீளமான கம்பியைப் பற்றவைத்தால் எட்டும் தொலைவு கூடுமா?

பதில்: கூடாது, பெரும்பாலும் குறையும். அந்தக் கம்பி அலைநீளத்தின் கால்பங்கு அளவுக்குக் கணக்கிட்டு வெட்டப்பட்டது. 433 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு அது ஏறத்தாழ 17.3 சென்டிமீட்டர், 868-க்கு 8.6, 916-க்கு 8.2, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெறும் 3.1. உங்கள் கம்பி இடையில் எங்கேனும் உடைந்து குட்டையாகியிருந்தால், இந்த அளவுக்குப் புதிய கம்பி வைப்பதில் பயன் உண்டு. அதைச் சுருட்டாமல், உலோகத்தோடு சேர்த்துக் கட்டாமல், நேராக நிற்கவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கைக்கருவி வரவழைப்போருக்கு ஓர் எச்சரிக்கை: 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது, ஐரோப்பாவில் இத்தகைய சிறு கருவிகளுக்கு 433, 868 ஆகியவையே வழக்கம். உங்கள் நாட்டுக்கென்று தயாரான வகையையே வாங்குங்கள். ஓரிடத்தில் கைப்பேசிக் கோபுரத்துக்கு ஒதுக்கிய அலைவரிசையில் உங்கள் கைக்கருவி பேசினால், சட்டம் ஒருபுறமிருக்க, அந்தக் கோபுரத்தின் முன் அதன் குரல் எடுபடவும் செய்யாது.

கேள்வி: லேஅவுட்டின் கோடியில், கட்டளை நிலையத்திலிருந்து சுமார் 18 மீட்டர் தொலைவில், சில இன்ஜின்கள் திடீரென முழு வேகத்தில் பாய்கின்றன. கைக்கருவியில் நிறுத்தினாலும் கேட்பதில்லை. கேபிள் செருகிய கைக்கருவியிலும் இதேதான். ரேடியோக் குறுக்கீடு தண்டவாளம் வரை பரவுமா?

பதில்: கேபிள் செருகிய பிறகும் இதே கதை என்று நீங்களே எழுதிவிட்டதால், ரேடியோவை விடுவித்துவிடலாம். இது மூன்றாம் கட்டத்தின் குறை. டி.சி.சி. முறையில் தண்டவாள மின்னழுத்தம் இடைவிடாமல் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாதித் துடிப்பு 58 மைக்ரோவிநாடி நீடித்தால் டிகோடர் அதை 1 என்றும், 100 மைக்ரோவிநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0 என்றும் வாசிக்கிறது. நீண்ட கம்பிகளின் தூண்டல் காரணமாக இந்தத் துடிப்புகளின் விளிம்பு சிதறி, டிகோடருக்கு வாசிக்க முடியாத கிறுக்கலாகிவிடும். அப்போது, பழைய நேர்மின்சார முறையையும் ஏற்கும்படி அமைந்த டிகோடர், தண்டவாளத்தில் இருப்பது வெறும் நேர்மின்சாரம் என்று தவறாக எண்ணி, முழு அழுத்தத்தையும் மோட்டாருக்குக் கொடுத்துவிடும். பாய்ச்சலுக்குக் காரணம் இதுதான்.

பாய்ச்சலை இன்றே நிறுத்த, டிகோடரின் அமைப்பு எண்களில் (சி.வி.) ஒன்றான சி.வி. 29-இல் அந்த நேர்மின்சார அனுமதியை நீக்குங்கள். அதன் மதிப்பு 4; அதை இப்போதுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். சி.வி. 29-இல் 6 என்று இருந்தால் 2 ஆக்குங்கள். 38 என்று இருந்தால் 34. ஆனால் இது நோயின் ஒரு குறியை மட்டுமே மறைக்கும். முதன்மைக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்க வேண்டும்; இரு கம்பிகளையும் தளர்வாக முறுக்கி ஓட்ட வேண்டும்; ஓரிரு மீட்டருக்கு ஒன்றாகக் கிளைக் கம்பிகளைத் தண்டவாளத்தில் பற்றவைக்க வேண்டும். தண்டவாள இணைப்புத் தகடுகளை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். பத்து மீட்டரைத் தாண்டிய கம்பியின் கடைசி முனையில், 100 ஓம், 2 வாட் மின்தடை ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றையும் தொடராக இணைத்து, இரு கம்பிகளுக்கும் குறுக்கே பொருத்தினால் சிதறல் பெரிதும் அடங்கும்.

பிறகு ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு நடங்கள். கோடி வரை ஆங்காங்கே இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே அதை வையுங்கள். வைத்த கணமே பூஸ்டர் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். எந்த இடத்தில் துண்டிக்கத் தயங்குகிறதோ, அல்லது நாணயம் சுடுகிறதோ, அங்கே கம்பியின் தடை மிகுதி. அந்த இடத்தில் தடம் புரண்ட இன்ஜினின் சக்கரமும் இதேபோல் சுடும் என்பதால், ரயிலை ஓட்டுவதற்கு முன்பே அதைச் சரிசெய்தாக வேண்டும். 18 மீட்டருக்கு ஒரே பூஸ்டர் என்பதைவிட, கோடிக்கு அருகே இரண்டாவது பூஸ்டர் வைத்துப் பகுதிகளாகப் பிரிப்பதையே நான் விரும்புவேன்.

கேள்வி: தண்டவாள மின்சாரத்தையே கைவிட்டு, இன்ஜினுக்குள் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் வைத்து ஓட்டும் முறைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். என் இன்ஜின்களில் பல பித்தளை உடல் கொண்டவை.

பதில்: உங்களுடையது பெரிய அளவு ரயிலாக இருந்தால் மாறலாம், எச்.ஓ. அளவில் பேட்டரிக்கும் ரிசீவருக்கும் இடம் காண்பதே பெரும்பாடு. அழுக்குத் தண்டவாளம், நீண்ட கம்பி பற்றிய கவலைகள் ஒரேயடியாக நீங்கும். அதற்கு ஈடாக முதல் கட்டத்தின் கடைசி முனை, ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் உலோகப் பெட்டிக்குள் போய்விடும். பித்தளை உடலுக்குள் ஆண்டெனாவை வைத்தால் எதுவும் கேட்காது. நீராவி இன்ஜினாக இருந்தால், அதன் பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டரின் நிலக்கரிக் குவியலைப் பிளாஸ்டிக்கில் செய்து அதற்கடியில் ஆண்டெனாவை வையுங்கள். டீசல் இன்ஜினாக இருந்தால் பின்னால் வரும் முதல் பெட்டியைப் பிளாஸ்டிக் உடலுள்ளதாகத் தேர்ந்து ரிசீவரையே அதற்குள் மாற்றிவிடலாம். மோட்டாரிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் ஆண்டெனா இயன்றவரை விலகி இருக்கட்டும்.

ஓடவிடுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: தொடர்பு அறுந்தால் இன்ஜின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? பல ரிசீவர்களில் இதற்கான நேரத்தை விநாடிக் கணக்கில் அமைக்கலாம். டி.சி.சி. டிகோடர்களில் இதே பணிக்கு சி.வி. 11 ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ரிசீவர் தானே டி.சி.சி. துடிப்புகளை உண்டாக்கி டிகோடருக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால் சி.வி. 11 பயன்படாது, ரிசீவரின் அமைப்பையே மாற்ற வேண்டும். அந்த நேரம், மிக நீண்ட சுரங்கத்தை ரயில் மெதுவாகக் கடக்க எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவும், சுரங்க வாயிலிலிருந்து பாதை முடியும் இடத்தை முழு வேகத்தில் அடைய எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சுரங்கத்துக்குள் தொடர்பு கிடைக்கும்படி செய்வதைத் தவிர வழியில்லை. அமைத்த பிறகு, சக்கரங்கள் காற்றில் சுழலும்படி இன்ஜினைத் தாங்கியில் ஏற்றி, ஓடும்போதே கைக்கருவியின் பேட்டரியைக் கழற்றி, எத்தனை விநாடியில் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன்பின் தண்டவாளத்தில் வையுங்கள்.